எருமைத் தலையும் மனிதத் தோளும்

நமக்கு வரும் கடிதங்களுள் சிலவற்றுக்கு இரண்டு வரிகளில் விடை எழுதிவிடலாம். வேறு சிலவற்றுக்கு விடை எழுத அமர்ந்தால் எழுதுகோல் நகர மறுக்கும். செஞ்சிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதிய கடிதம் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. அவர் மகன் சென்னையில் ஓவியம் பயில்கிறான். விடுமுறைக்கு வீடு வந்தவனுடைய கட்டிலுக்கு அடியில் ஒரு தடித்த நோட்டு அகப்பட்டிருக்கிறது. திறந்து பார்த்தவர் திகைத்துப்போனார். எருமைத் தலையுடன் ஒரு மனிதன், ஆட்டுக் கால்களுடன் ஒரு மனிதன், முதுகில் பருந்தின் இறக்கைகளுடன் ஒரு பெண் எனப் பக்கம் பக்கமாக உருவங்கள். சில பக்கங்களில் தோல் உரித்ததுபோல் தசையும் எலும்பும் மட்டும்.

"வீடெங்கும் தீர்த்தம் தெளித்தேன், ஐயா. அவன் அப்பா அடுத்த ஆண்டுக்கான கட்டணத்தைக் கட்டமாட்டேன் என்கிறார். மகன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இது பாவமா, நோயா, பேயா? நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்று கடிதம் முடிந்திருந்தது.

கடிதத்தோடு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தது. அந்த எருமை மனிதன்தான். உண்மையை ஒப்புக்கொள்கிறோம்: அத்தாளைக் கண்டதும் நாமும் முகம் சுளித்தோம். ஆனால், மறுநாள் காலை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. தலையும் உடலும் சேரும் கழுத்துப் பகுதியை அவ்விளைஞன் ஏழெட்டு முறை அழித்து அழித்து வரைந்திருந்தான். பேய் பிடித்தவன் அத்தனை பொறுமையாக அழித்து எழுதுவானா? நேரில் சென்று பார்த்துவிடுவதென்று முடிவுசெய்து பேருந்து ஏறினோம்.

செஞ்சியை நம் வாசகர் பலரும் அறிவர். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே, யாரோ வாரி இறைத்ததுபோல் பாறைகள் குவிந்த இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கிறது கோட்டை. 1597-ஆம் ஆண்டில் இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா இங்கு வந்து, இந்நகரின் பெருமையைக் கண்டு வியந்து ஐரோப்பாவுக்கு எழுதினார். 2025-ஆம் ஆண்டு சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துப் படைக்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான்.

அந்தத் தாயின் இல்லம் எளியது. தந்தை கொத்தனார். சுவரில் அதிதூதர் மிக்கேலின் படம் தொங்கியது. மகன் முதலில் நம்மிடம் பேசவில்லை. "தம்பி, கோட்டையைப் பார்க்கவேண்டும். துணைக்கு வருவாயா?" என்று கேட்டோம். தலையசைத்துக் கிளம்பினான்.

கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோவிலை அடைந்ததும் அவன் நாவுக்கு உயிர் வந்தது. நாயக்கர் காலத்துக் கோவில் அது. அதன் பெரிய கற்றூண்கள் சில பிரெஞ்சுக்காரர்களால் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பர். இன்று கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் அவையே என்று செஞ்சி மக்கள் சொல்வார்கள். கோபுர வாயிலின் உட்பக்கச் சுவர்களில் இராமாயணக் காட்சிகளும் திருமாலின் அவதாரக் காட்சிகளும் செதுக்கப்பட்டுள்ளன.

"ஐயா, சிறு வயதில் இங்குதான் ஆடு மேய்க்க வருவேன். குரங்கு முகமும் மனித உடலுமாக நிற்கும் இவர்களைக் கண்டு நான் ஒருநாளும் அஞ்சியதில்லை. இப்படி ஓர் உயிர் உண்மையாகவே நடந்தால் எப்படி நடக்கும் என்றுதான் நினைப்பேன். அந்தக் கேள்விதான் இந்த நோட்டு" என்றான்.

கல்லூரியில் முதலாண்டில் அவன் ஓர் எருமை மனிதனை வரைந்தானாம். அதைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், "இது முகமூடி அணிந்த மனிதன். முகமூடியைக் கழற்றினால் உள்ளே வேறு முகம் இருக்கும்போல் தெரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அச்சொல் அவனை உறங்கவிடவில்லை. அன்று முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளின் முன் அமர்ந்து வரையத் தொடங்கினான். ஊருக்கு வந்தால் கறிக்கடை வாசலிலும் மாட்டுக்கு இலாடம் அடிக்கும் இடத்திலும் நிற்பான்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் வரலாற்றை அறிந்தவர்க்கு இதில் ஒரு பொருத்தம் தோன்றும். 1850-ஆம் ஆண்டில் அக்கலைப்பள்ளியைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் அன்டர் என்னும் அறுவை மருத்துவர். தூரிகையும் அறுவைக் கத்தியும் நெடுங்காலத் தோழர்கள். வெசாலியுசு என்னும் மருத்துவர் மனித உடற்கூற்றை விளக்கும் பெருநூலைப் படங்களோடு வெளியிட்டது 1543-இல். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1555-இல், பியேர் பெலோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு மனித எலும்புக்கூட்டையும் ஒரு பறவையின் எலும்புக்கூட்டையும் எதிரெதிரே நிறுத்தி வரைந்து, இதன் இந்த எலும்பு அதன் அந்த எலும்பு என்று அடையாளமிட்டுக் காட்டினார்.

வாயிற்படியில் அமர்ந்து நோட்டை விரித்தான் இளைஞன். அவன் விளக்கியதை நம் வாசகர்களுக்கும் சொல்லவேண்டும். ஏனெனில், படைப்பின் ஒழுங்கை இத்தனை எளிதாக நமக்கு யாரும் விளக்கியதில்லை.

ஆட்டின் பின்னங்கால் முழங்கால் பின்புறமாக மடிகிறது என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. பின்புறமாக மடிவதாகத் தோன்றும் அந்த மூட்டு அதன் கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்னோக்கி மடிகிறது. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது அதன் மணிக்கட்டு. நாம் உள்ளங்கால் முழுவதையும் ஊன்றி நடக்கிறோம். நாயும் பூனையும் விரல்களை ஊன்றி நடக்கின்றன. ஆடும் மாடும் இரண்டு விரல்களின் நகங்கள்மேல் நிற்கின்றன. குதிரையோ ஒரே விரலின் நகத்தின்மேல் நின்று ஓடுகிறது. ஆகவே ஆட்டுக்கால் மனிதனை வரைபவன், நுனிவிரலில் நிற்கும் ஒருவனையே வரைகிறான். அவன் உடல் சற்று முன்சாய்ந்திராவிட்டால் பின்புறமாக விழுந்துவிடுவான்.

அடுத்த பக்கத்தில் எருமைத் தலை. ஏறக்குறைய எல்லாப் பாலூட்டிகளுக்கும் கழுத்தெலும்புகள் ஏழுதான். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, நமக்கும் ஏழு. வேறுபாடு மண்டையோட்டில் இருக்கிறது. தண்டுவடம் நுழையும் துளை மனித மண்டையோட்டின் அடியில் உள்ளது. எனவே நம் தலை, தூணின்மேல் வைத்த குடம்போல் நிமிர்ந்து அமர்கிறது. எருமைக்கு அத்துளை மண்டையோட்டின் பின்புறத்தில் உள்ளது. நிமிர்ந்த மனிதக் கழுத்தின்மேல் எருமைத் தலையை அப்படியே பொருத்தினால் அதன் மூக்கு வானத்தைப் பார்க்கும். மூக்கை முன்னே கொண்டுவரவேண்டுமானால் கழுத்தை முன்வளைக்கவேண்டும். கொம்பின் பாரத்தைத் தாங்கவோ தடித்த தசை வேண்டும். அத்தசை பற்றிக்கொள்ள முதுகின் மேற்பகுதி உயரவேண்டும், தோள் அகலவேண்டும். "தலையை மாற்றினால் தலை மட்டும் மாறுவதில்லை, ஐயா. இடுப்புவரை எல்லாம் மாறவேண்டியிருக்கிறது. இது தெரியாமல்தான் முதலில் முகமூடி மாட்டினேன்" என்றான்.

அதற்கு விடையை அவன் எங்கே கண்டான் தெரியுமா? மாமல்லபுரத்தில். அங்குள்ள மகிடாசுரமர்த்தினி குகையில், ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய போர்க்களக் காட்சி உள்ளது. ஒருபுறம் சிங்கத்தின்மேல் வரும் தேவி. மறுபுறம் எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட அசுரன், இரு கைகளாலும் கதையைப் பற்றிக்கொண்டு பின்வாங்கிச் சாய்கிறான். அந்தச் சாய்விலும் தோளின் திரட்சியிலும் தலையின் பாரம் தெரிகிறது. அவன் முகமூடி அணிந்தவனாக யாருக்கும் தோன்றுவதில்லை. அருகிலேயே பெரும்பாறைச் சிற்பத்தில் மேலே மனிதராகவும் கீழே பறவைக் கால்களுடனும் பறக்கும் கின்னரர் உளர். பாறைப் பிளவில் இடைக்குமேல் மனிதராகவும் கீழே பாம்பாகவும் நாகர் உளர். வெசாலியுசின் நூலுக்கு ஒன்பது நூற்றாண்டுகள் முன்பே, உடற்கூற்று நூல் எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல், கண்ணால் கண்ட எருமையையும் கண்ட மனிதனையும் கொண்டு நம் நாட்டுச் சிற்பிகள் செய்த வேலை அது.

மாலையில் வீடு திரும்பினோம். தாய் காத்திருந்தார். நாம் சுவரில் இருந்த படத்தைச் சுட்டினோம். "அம்மா, மிக்கேல் சம்மனசுக்கு முதுகில் என்ன?" என்று கேட்டோம். "இறக்கை." "பறவையின் இறக்கைதானே? மனித உடலில் பறவையின் உறுப்பைச் சேர்த்து வரைந்த ஓவியரை நீங்கள் சந்தேகிக்கவில்லையே." அவர் சற்று யோசித்து, "காலடியில் கிடக்கும் சாத்தானுக்கும் இறக்கை இருக்கிறதே, ஐயா!" என்றார். நாம் வாயடைத்துப்போனோம். சம்மனசுக்கும் சாத்தானுக்கும் இறக்கை வைத்த ஓவியர் ஒருவரே. இறக்கையை வைத்து இருவரையும் வேறுபடுத்த இயலாது என்பதை அத்தாய் நமக்கு முன்பே கண்டிருந்தார்.

விவிலியத்தைத் திறந்தோம். இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் முதல் அதிகாரத்தில் நான்கு உயிர்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மனித முகம், சிங்க முகம், எருது முகம், கழுகு முகம் என நான்கு முகங்கள், நான்கு இறக்கைகள், நிமிர்ந்த கால்கள், கன்றின் குளம்பை ஒத்த பாதங்கள், இறக்கைகளின் கீழே மனிதக் கைகள். திருவெளிப்பாட்டிலும் இவற்றை ஒத்த நான்கு உயிர்கள் அரியணையைச் சூழ நிற்கின்றன. மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்கு எருது, யோவானுக்குக் கழுகு என்று இவற்றையே திருச்சபை நற்செய்தியாளரின் அடையாளங்களாக ஏற்றது. நம் கோவில்கள் பலவற்றின் வாசக மேடையில் இவ்வடையாளங்களைக் காணலாம். தாய் அப்பகுதியை இருமுறை வாசித்தார். பிறகு நோட்டைத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இதை வரைய முடியுமா?" என்று இளைஞனைக் கேட்டோம். அவன் சிரித்தான். "எல்லாவற்றிலும் கடினமானது இதுதான், ஐயா. பறவைக்கு இறக்கைதான் கை. இறக்கையும் கையும் சேர்ந்து ஒரே உடலில் இருக்குமானால் இரண்டு தோள்பட்டைகள் வேண்டும். இறக்கையை அசைக்கும் தசைக்கு மார்பில் இடம் வேண்டும். கோழியின் நெஞ்செலும்பில் படகின் அடிக்கட்டைபோல் ஒரு முகடு இருக்கிறதே, அதில்தான் அத்தசை பற்றுகிறது. நமக்கு அது இல்லை" என்றான். தாய் குறுக்கிட்டு, "அந்த எலும்பின் இரு பக்கமும்தானே கறி அதிகம்!" என்றார். அன்றுதான் மகனுடைய பாடத்தில் தமக்கும் ஒரு பகுதி தெரியும் என்று அவர் அறிந்தார். ஆட்டுக்காலை வாரந்தோறும் கழுவி உடைப்பவருக்குக் கணுக்கால் எது, முழங்கால் எது என்று யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. அவர்கள் இருவரும் பேசத் தொடங்கியதும் நாம் மௌனமானோம்.

அதுவரை வாயே திறவாதிருந்த தந்தை, கழுத்து வரைந்த பக்கத்தை வாங்கி விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "பழைய சுவரோடு புதுச் சுவரைச் சும்மா ஒட்டிக் கட்டினால் முதல் மழையிலேயே விரிசல் விடும். பழைய சுவரில் நாலு கல்லைப் பெயர்த்தெடுத்து, புதுக் கல்லை அதற்குள் செலுத்திப் பின்னிக் கட்டவேண்டும். இவன் இங்கே அதைத்தான் செய்திருக்கிறான்" என்றார். மகன் தலை நிமிர்ந்து பார்த்தான். மூன்று ஆண்டுகளில் தன் ஓவியத்தைப் பற்றித் தந்தை சொன்ன முதல் சொல் அது என்று நம்மை வழியனுப்ப வந்தபோது சொன்னான்.

இத்தாலியக் கலைஞர் லியோனார்டோ தா வின்சியைப் பற்றி வசாரி என்பவர் 1550-இல் வெளியிட்ட நூலில் ஒரு கதை சொல்கிறார். இளைஞன் லியோனார்டோவிடம் தந்தை ஒரு மரக் கேடயத்தைக் கொடுத்து ஏதேனும் வரையச் சொன்னார். அவன் பல்லி, பாம்பு, வெட்டுக்கிளி, வௌவால் முதலியவற்றை அறைக்குள் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை எடுத்துச் சேர்த்து, பாறை இடுக்கிலிருந்து வெளிப்படும் ஒரு கொடிய உருவத்தைத் தீட்டினான். படத்தைக் கண்ட தந்தை அதை உயிருள்ளதென்றே எண்ணிப் பின்வாங்கினார். தன் படம் எதற்காகத் தீட்டப்பட்டதோ அதைச் செய்துவிட்டது என்று மகன் மகிழ்ந்தான். இல்லாத விலங்கு இருப்பதாகத் தோன்றவேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மையான விலங்கிலிருந்து வரவேண்டும் என்பதே லியோனார்டோ தம் குறிப்புகளில் ஓவியர்க்குத் தந்த அறிவுரையும் ஆகும். செஞ்சியில் தாய் அஞ்சினார். இத்தாலியில் தந்தை அஞ்சினார். இருவர் அச்சமும் ஓவியத்தின் உண்மைக்குக் கிடைத்த சான்றே.

அப்படியானால் எந்தப் படத்தையும் எவரும் வரையலாமா? அப்படி நாம் சொல்லவில்லை. மனிதனை இழிவுபடுத்த விலங்காக்கிக் காட்டும் படங்கள் உண்டு. பகைவரைப் பன்றியாகவும் நாயாகவும் வரைந்து வெறுப்பை வளர்த்த நாடுகளை வரலாறு அறியும். அங்கே விலங்கையும் ஓவியன் நேசிக்கவில்லை, மனிதனையும் நேசிக்கவில்லை. பிள்ளையின் நோட்டை மதிப்பிடும் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்: இதை வரைந்த கை, வரைந்த பொருளை அன்போடு உற்றுப் பார்த்திருக்கிறதா? எருமையின் கழுத்தை ஏழெட்டு முறை அழித்து வரைந்தவன், படைத்தவரின் வேலையை ஏழெட்டு முறை கூர்ந்து பார்த்திருக்கிறான். நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது பார்த்திருக்கிறோம்?

இளைஞர்களுக்கும் ஒரு சொல். இந்தத் தம்பி நோட்டைக் கட்டிலுக்கு அடியில் மறைத்தது தவறு. மறைத்து வைத்த பொருள், நல்லதேயானாலும், காண்பவருக்குக் குற்றமாகவே தோன்றும். "எங்கள் பெற்றோர்க்கு இது புரியாது" என்று நீங்களே தீர்ப்பிட்டுவிடாதீர்கள். வீட்டில் கொத்தனாரும் சமையற்காரியும் இருக்கிறார்கள். சுவரின் இணைப்பும் ஆட்டின் மூட்டும் அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். பெற்றோரே, நீங்களும் கிழிப்பதற்கு முன் கேளுங்கள்; எரிப்பதற்கு முன் கேளுங்கள். கிழித்த தாளைத் திரும்ப ஒட்டலாம். கிழிந்த நம்பிக்கையை ஒட்டுவது எளிதன்று.

ஒட்டும் இடம்தான் எதிலும் கடினம். இருவேறு இல்லங்களில் வளர்ந்தோர் ஒரே கூரையின் கீழ் வரும்போதும், கிராமத்தில் வளர்ந்த பிள்ளை நகரத்துக் கல்வியோடு வீடு திரும்பும்போதும் இதுவே நேர்கிறது. ஒருபுறம் மட்டும் வளைந்தால் போதாது. கழுத்தும் வளையவேண்டும், தோளும் அகலவேண்டும்.

சென்ற வாரம் அத்தாயிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தந்தை கட்டணத்துக்குப் பணம் புரட்டிவிட்டாராம். மகன் சென்னைக்குத் திரும்பிவிட்டான். நாம் அனுப்பிவைத்த அந்த எருமை மனிதன் தாளை அவர் மீண்டும் நோட்டில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். "இன்னும் எனக்குக் கொஞ்சம் பயம்தான், ஐயா. இரவில் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுத்தான் தூங்கினேன். ஆனால், இப்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்" என்று எழுதியிருக்கிறார்.